மனேஜருக்குத் தமிழ் தெரியாது

கற்பிட்டி,
20.01.2013

அன்புள்ள நஃபீஸா ராத்தாவுக்கு மக்தலேனா எழுதிக்கொள்வது.

இங்கே நான், மனுவேல், பிள்ளைகள் எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீங்களும் லத்தீப் நானாவும் புது வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. மனுவேல் கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் களப்புப் பக்கம்தான் வலை போடுகிறார். சின்னவனுக்குச் சளி. மற்றப்படி குறையில்லை.

செய்னுலாப்தீன் நானாவின் லொறி பாலாவியில் சீமெந்து ஏற்றிக்கொண்டு நாளைக்கு முசலிப் பக்கம் வருகிறது. அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஊரில் போன் இன்னும் எடுபடவில்லை என்று சொன்னார். எடுபட்டிருந்தாலும் இந்தக் கதையை நான் போனில் கதைத்திருக்க மாட்டேன். இப்போது எனக்கு யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது.

கிணறு வெட்டியாகிவிட்டதா? சண்டையில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு வந்து, இருபது வருசத்துக்கு மேல் இங்கே முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்துவிட்டு, சொந்தக் காணியைப் பார்த்தபோது அது காடாகக் கிடந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். ஆனாலும் சொந்த ஊர் சொந்த ஊர்தான். போனதற்காக ஒருநாளும் வருத்தப்படாதீர்கள். இதை உங்களுக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இங்கே நண்டுக் கொம்பனியில் நடக்கிறதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் போனபிறகு உங்கள் சுப்பவைசர் வேலையை எனக்குக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். என் கை வேகத்துக்காகக் கொடுக்கவில்லை. நான் சிலாபத்தில் வளர்ந்தவள், சிங்களம் சரளமாக வரும், அதற்காகத்தான். நீங்கள் போய்க் கொஞ்ச நாளில் பழைய மனேஜரும் போய்விட்டார். புதிதாக வந்தவர் நிரோஷன் சேர். கொழும்பு ஒபிசில் இருந்து வந்தவர், நாற்பது வயது இருக்கும். சிங்களமும் இங்கிலிசும்தான் பேசுவார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மேசையில் நண்டு உடைக்கிற எங்கள் பெட்டைகளில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம் வராது. அதனால் அவர் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், பெட்டைகள் சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

ஆள் கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. கத்தமாட்டார். காலையில் வந்து, நண்டு உடைக்கிற ஒவ்வொரு மேசைக்குப் பக்கத்திலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு மேசைக்குப் பத்து நிமிசமாவது நிற்பார். அவருக்குத்தான் விளங்காதே என்று பெட்டைகள் பாட்டுக்குத் தங்கள் கதையைக் கதைப்பார்கள். தவமலரின் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் நடக்கிறது சேற்றில் கொக்கு நடக்கிற மாதிரி என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பாள். என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டால், இன்றைக்கு நண்டு நல்ல சதைப்பிடிப்பு என்கிறாள் சேர் என்று சொல்லிவிடுவேன்.

இப்படித்தான் நான் சமாளித்துக்கொண்டு வந்தேன். பெட்டைகள் கோபத்தில் சொல்வதைப் பாதியாக்கி அவரிடம் சொல்வேன். அவர் கடுமையாகச் சொல்வதைக் கொஞ்சம் இறக்கி இவர்களிடம் சொல்வேன். இரண்டு பக்கமும் சண்டையில்லாமல் ஓடியது.

கார்த்திகை மாதத்தில் தொடங்கியது பிரச்சினை. தவமலர் பாலாவிப் பக்கம் திறக்கப்போகிற தையல் ஃபக்டரிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன் என்று மேசையில் சொன்னாள். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மர்ஸூக். நண்டு அவிக்கிற கொதிகலனைப் பார்க்கிற மர்ஸூக், கால் வீங்கின பெட்டைகளைக் கொஞ்சநேரம் தன் பக்கத்தில் கதிரை போட்டு இருக்க விடுவான். அவனை ஐஸ் அறைக்கு மாற்றினார்கள். மூன்றாவதுதான் பெரிய விசயம். சனிக்கிழமை மேலதிக வேலைக்கு யாரும் வருவதில்லை, அவர் வந்து நிறுத்தின பின்னேரத் தேத்தண்ணி நேரத்தைத் திருப்பித் தந்தால்தான் வருவோம் என்று மேசையில் எல்லாருமாகப் பேசி முடிவெடுத்தோம். சனிக்கிழமை வந்தால், கனமூலையில் இருந்து ஒரு பஸ் நிறையப் பெட்டைகள் வந்து எங்கள் இடத்தில் இருக்கிறார்கள்.

மேசையில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அப்படியென்றால் யார் போய்ச் சொன்னது?

முதலில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவரோடு கதைக்கிறவள் நான்தானே. நான் பக்கத்தில் போனால் கதை நின்றுவிடுகிறது. சோற்றுப் பார்சலைப் பிரித்து ஒருவருடையதை ஒருவர் பங்குபோட்டுச் சாப்பிட்ட மேசை அது ராத்தா. இப்போது ஒவ்வொருத்தியும் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்து சாப்பிடுகிறாள். பிள்ளைகள் தலையில் கைவைத்து நான் இல்லை என்று சொன்னேன். பாதிப்பேர் நம்பினார்கள்.

இப்போது சந்தேகம் சுஜீவாவின் மேல் திரும்பியிருக்கிறது. சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்து நுரைச்சோலையில் வாடகைக்கு இருக்கிற அந்த வன்னிப் பிள்ளை. நீங்கள்தான் அவளுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கினீர்கள். அவளுடைய தம்பி சாரங்கனுக்கு எங்கள் கொம்பனியிலேயே குளிர் லொறி ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். போன கிழமை அவள் மனேஜரின் அறையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததை இரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். எதற்குப் போனாய் என்று நானே கேட்டேன். சொல்லமாட்டேன் அக்கா என்றாள்.

அவளோடு இப்போது யாரும் கதைப்பதில்லை. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீற் காலியாகவே வருகிறது. நீங்கள் இன்னும் சுப்பவைசராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தினமும் யோசிக்கிறேன். உங்களுக்கு அவளைத் தெரியும். அவள் அப்படிச் செய்யக்கூடியவளா? இரண்டு வரி எழுதி அதே லொறியில் அனுப்புங்கள்.

லத்தீப் நானாவுக்கு என் சலாம். பிள்ளைகளை ஆண்டவர் காப்பாற்றட்டும்.

அன்புடன்,
மக்தலேனா


கற்பிட்டி,
17.02.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் கடிதமும் தேன் போத்தலும் கிடைத்தன. கிணற்றில் நல்ல தண்ணீர் வந்ததை அறிந்து சந்தோசம். இங்கே சின்னவனுக்குச் சளி போய்விட்டது. தலவில அன்னம்மாள் கோயிலுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன். அது எதற்கென்று கடைசியில் விளங்கும்.

சுஜீவா அப்படிப்பட்டவள் இல்லை, மர்ஸூக்கைத்தான் விசாரித்துப் பார் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நூறு மைல் தள்ளியிருக்கிற உங்களையும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டதே என்று நினைத்தேன். மர்ஸூக் இல்லை ராத்தா. சுஜீவாவும் இல்லை. யாருமே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மர்ஸூக்கின் இடத்துக்குப் போட்ட ஆள் சுகமில்லாமல் நின்றதால் அன்றைக்கு மட்டும் கொதிகலனுக்கு மர்ஸூக்கைத் திருப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். அவித்த நண்டுக் கூடையைச் சங்கிலியில் தூக்கி, தலைக்கு மேலால் மேசைப் பக்கம் கொண்டுவருவது உங்களுக்குத் தெரியும். நிரோஷன் சேர் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருக்கிற சூடுமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொக்கி கழலுவதை மர்ஸூக் கண்டுவிட்டான். பதற்றத்தில் அவனுக்குச் சிங்களம் வரவில்லை. இடப் பக்கம் பாயுங்க சேர், இடப் பக்கம் என்று கத்தினான்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே பார்க்கவில்லை. இடப் பக்கம் பாய்ந்தார். கூடை அவர் நின்ற இடத்தில் விழுந்து கொதிதண்ணீர் வலப் பக்கம் முழுவதும் சிதறியது.

எல்லாரும் ஓடிவந்து அவரைப் பிடித்தார்கள். ஆண்டவரே என்றார்கள், அல்லாஹ் என்றார்கள். நான் மட்டும் மர்ஸூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் மர்ஸூக்கிடம் தனியாகக் கேட்டேன், நீ எந்தப் பக்கம் என்று சொன்னாய், அவர் எந்தப் பக்கம் பாய்ந்தார் என்று. அவன் சிரித்துவிட்டு, உயிர்ப் பயத்தில் மனுசனுக்கு எல்லாப் பாசையும் விளங்கும் அக்கா என்றான்.

அவன் சொல்வதுதான் சரியாக இருக்கவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் விடாது. அடுத்த நாள் அவர் எங்கள் மேசையைக் கடந்து போகும்போது நான் பக்கத்தில் நண்டு உடைக்கிற ஷானிகாவிடம் மெல்லத் தமிழில், சேரின் சட்டை முதுகுப் பக்கம் மஞ்சளாக என்னவோ அப்பிக்கிடக்கு என்று சொன்னேன். சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் நிற்காமல் நடந்து தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது சட்டைக்கு மேலே வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார். எங்கள் அறையின் வெக்கை உங்களுக்குத் தெரியும். அவர் அதற்கு முன் ஒருநாளும் அந்தக் கோட்டைப் போட்டதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றை மூடிவைத்துவிட்டேன். மனுவேல் என்ன என்று கேட்டார். தலையிடி என்றேன்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பூட்ஸ் குத்துகிறது, இந்த மனுசனுக்கு ஒருநாள் போட்டுவிட்டுப் பார்க்கவேணும் என்று பெட்டைகள் சொன்னதை, பூட்ஸ் நல்லது சேர், எல்லாருக்கும் அளவாக இருக்கிறதாம் என்று நான் மாற்றிச் சொல்லியிருந்தேன். அடுத்த கிழமை எல்லாருக்கும் ஒரு சைஸ் கூட்டிப் புது பூட்ஸ் வந்தது. நாங்கள் எவ்வளவு நல்ல மனுசன் என்றோம். ஷானிகாவின் அம்மாவுக்கு ஒபரேசன் என்று அவள் என்னிடம்கூட லீவு கேட்கவில்லை, மேசையில் அழுதாள், அவ்வளவுதான். அவர் தானாகவே அவளைக் கூப்பிட்டு நாலு நாள் வீட்டில் நில் என்றார். தவமலரின் வேலை போனதும் அதே காதால் கேட்டுத்தான். சனிக்கிழமைத் திட்டமும் அப்படித்தான். நான் மாற்றிச் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, ஹரி, சரி மக்தலேனா என்று தலையாட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இதைப் படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். சுஜீவாவின் தம்பி சாரங்கன் இயக்கத்தில் இருந்து பிடிபட்டு, புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவன். அதைக் கொம்பனியில் சொல்லாமல்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தெரிந்தால் யார் எடுப்பார்கள். அதைச் சுஜீவா ஒருநாள் மேசையில், எங்களை எல்லாம் சொந்தமாக நினைத்து, குரலைக் கூடத் தாழ்த்தாமல் சொன்னாள். குரலைத் தாழ்த்தாததற்குக் காரணம், பக்கத்தில் நின்றவர் மனேஜர் மட்டும்தான்.

நான் இப்போது அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கு எதற்கு அவர் அறைக்குப் போனாய், எனக்குக் கட்டாயம் தெரியவேணும் என்றேன். வவுனியா, மன்னார் பக்கம் லொறியில் போனால் வழி நெடுகச் சோதனை, தம்பியின் கடதாசிகளைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அதனால் அவனை நீர்கொழும்புப் பக்கம் மட்டும் விடச்சொல்லித் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினாளாம். ஏன் என்று அவர் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று நடுங்கிக்கொண்டு நின்றாளாம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஹரி என்று மட்டும் சொன்னாராம். அந்த நிம்மதியில்தான் அழுதுகொண்டு வந்தாள்.

அவர் ஏன் கேட்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை உடைந்துபோவாள்.

மாதக்கணக்காகத் தெரிந்துவைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கிறார். இரக்கத்தில் சும்மா இருக்கிறாரா, இல்லை ஒருநாளைக்கு உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறாரா? என் புத்திக்கு எட்டவில்லை. இந்த மெழுகுதிரி அதற்காகத்தான் ராத்தா.

நான் இனி அவர் முன்னால் எப்படி நின்று தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றுவது? அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் என்னில் ஏதோ மாற்றம் தெரிந்திருக்கிறது. இரண்டு முறை என்ன சுகமில்லையா என்று கேட்டுவிட்டார்.

உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மக்தலேனா


கற்பிட்டி,
28.04.2013

அன்புள்ள நஃபீஸா ராத்தாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாமல் விட்டதற்குக் குறை நினைக்கவேண்டாம். உயிர்த்த ஞாயிறு நல்லபடி முடிந்தது. கடல் திறந்து மனுவேலுக்கு நல்ல மீன்பாடு. உங்கள் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி நல்லாக வந்ததாகச் செய்னுலாப்தீன் நானா சொன்னார். பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

இப்போது கொம்பனிக் கதை. சொல்லத் தொடங்கினால் நீளும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

பங்குனிக் கடைசியில் குளிர் அறையில் நண்டுச் சதை டின்கள் குறைவதாகச் சொல்லி, நிரோஷன் சேர் எங்கள் எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டார். இனி வேலை நேரத்தில் பின்கதவு பூட்டியே இருக்கும், போகும்போது பைகளைச் சோதிப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதைத் தமிழில் சொன்னேன்.

பின்கதவு கொதிகலனுக்குப் பக்கத்தில் இருக்கிற கதவு. அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. ஷானிகாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. அன்றைக்கு மாதிரிக் கூடை விழுந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுறது, இவருடைய தங்கச்சி இங்கே வேலை செய்தால் கதவைப் பூட்டுவாரா என்று கேட்டாள். எனக்குப் பின்னால் யாரோ, எல்லாம் சுஜீவா பார்த்துச் சொல்லுவாள், அவளிடம் கேள் என்று முணுமுணுத்தார்கள். சிலர் சிரித்தார்கள். சுஜீவா குனிந்த தலை நிமிரவில்லை.

சேர் என்னைப் பார்த்து, மொனவத கியன்னே, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

எனக்கு அந்த நேரம் என்ன வந்ததோ தெரியாது ராத்தா. யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பெட்டைகளைப் பார்த்துத் தமிழில், இதை நான் சேருக்குச் சொல்லத் தேவையில்லை என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. நாங்கள் இவ்வளவு காலமும் கதைத்த எல்லாம் அவருக்கு விளங்கினதுதான். சனிக்கிழமைக் கதையைச் சுஜீவா கொண்டுபோய்ச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, நாங்கள் எல்லாரும் அவர் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னோம். இப்போது நான் சொல்வதையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார் என்றேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விளங்காதவர் என்றால் இன்னொரு முறை என்னைக் கேட்டிருக்க வேண்டுமே. அவர் கேட்கவில்லை. கேட்காததை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது சுஜீவா முன்னால் வந்தாள். நான் இத்தனை நாளாக அவளிடமிருந்து மறைத்தது என்ன என்று ஒரே நொடியில் அவளுக்கு விளங்கியிருக்கிறது. கையுறையைக் கழற்றிக்கொண்டே அவருக்கு நேரே நின்று, சேர், என்ர தம்பிய என்ன செய்யப்போறீங்கள் என்று கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பி மறுபடியும், மொனவத கியன்னே என்றார். நான் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அவர் சுஜீவாவைப் பார்த்து, ஒண்ணும் செய்யமாட்டன் தங்கச்சி, அவன் நல்லா வண்டி ஓட்டுறான் என்றார்.

தமிழில் சொன்னார் ராத்தா. எங்கள் சிலாபக் கரைத் தமிழ். ஒபிசில் பேசுகிற மாதிரி இல்லை, வீட்டில் தாயோடு கதைக்கிற தமிழ். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. ஏனென்று இன்னும் தெரியவில்லை.

பின்னேரம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போகிறது என்று நினைத்துத்தான் போனேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். தமிழிலேயே கதைத்தார். அவருடைய தாய் சிலாபத்துக்குக் கிட்ட உடப்புப் பக்கத்துக்காரி, பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் தமிழ்தானாம். சண்டைக் காலத்தில் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, தாயோடு போனில் தமிழ் கதைத்ததைக் கேட்டு ஒபிசில் இருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்களாம். அன்றைக்கு விட்டதுதானாம். இங்கே அனுப்பும்போது, தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அப்போதுதான் உண்மை காதில் விழும் என்று மேலே இருக்கிறவர்களும் சொல்லிவிட்டார்களாம்.

இதில் எது மெய்க்காரணம் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் மெய்யாக இருக்கலாம். இரண்டுமே அந்த இடத்தில் எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் சந்தேகப்படுவது அவருக்கும் விளங்கியது. தவமலரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். போகப்போகிறவளுக்குப் பழக்கிக்கொடுத்து என்ன பிரயோசனம் என்று மேலிடத்தில் கேட்பார்கள் என்றார். அவள் போவதாகச் சொல்லவில்லை சேர், யோசிக்கிறேன் என்றுதான் சொன்னாள், இரண்டும் ஒன்றா என்று கேட்டேன்.

பிறகு அவர் என்னைக் கேட்டார், நீ ஏன் மக்தலேனா இவ்வளவு நாளும் அவர்கள் சொன்னதை மாற்றிச் சொன்னாய் என்று. அப்படியே சொல்லியிருந்தால் நீங்கள் அவர்களை விட்டுவைத்திருப்பீர்களா என்றேன். அதனால்தான் உன்னை மாற்றவில்லை என்றார். அதுவும் எனக்கு நல்ல வார்த்தையாக விழவில்லை. என்னையும் இத்தனை நாள் வேடிக்கை பார்த்திருக்கிறார் அல்லவா.

பின்கதவு பூட்டப்படவில்லை. மர்ஸூக் கொதிகலனுக்குத் திரும்பிவிட்டான். பின்னேரத் தேத்தண்ணி திரும்பவும் உண்டு. தவமலரைத் திருப்பி எடுக்கவில்லை. மேசையில் எல்லாரும் சுஜீவாவிடம் ஒவ்வொருத்தியாக வந்து கதைத்தார்கள். ஷானிகா அவள் கையைப் பிடித்து அழுதாள். சுஜீவா எல்லாருக்கும் பரவாயில்லை பரவாயில்லை என்றாள். ஆனால் சோற்றுப் பார்சலை இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் பிரிக்கிறாள். நான் கூப்பிட்டேன். பழகிப்போச்சு அக்கா என்றாள்.

சாரங்கனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மனேஜர் சொன்ன சொல்லில்தான் நின்றார். ஆனால் தன் கதை மனேஜருக்கும் தெரியும், அதை ஒரு அறை நிறைய ஆட்கள் கேட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட கிழமையே அந்தப் பெடியன் லொறிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அக்காவிடம் வடக்குப் பக்கம் போகிறேன் என்று மட்டும் சொன்னானாம். போன் நிறுத்திக்கிடக்கிறது. சுஜீவா என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும் போல இருக்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் நான் அன்றைக்கு வாய் திறந்தேன். திறந்ததில் அவளுடைய தம்பி போய்விட்டான்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கொம்பனி உங்கள் பக்கம் நண்டு வாங்குகிற இடம் ஒன்று திறக்கப்போகிறது. அதற்குப் பொறுப்பாக நிரோஷன் சேரைத்தான் அனுப்புகிறார்கள். வைகாசியில் வருவார். உங்களுக்கு வேலை தெரியும் என்று நான்தான் உங்கள் பெயரைச் சொன்னேன், சொல்லிவிட்டு இரண்டு நாள் நித்திரை வரவில்லை. வாசலுக்கு வந்தால் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுங்கள். நடுவில் ஆள் வைக்காமல் நேரே தமிழில் கதையுங்கள், கூலியையும் வேலை நேரத்தையும் ஆட்களுக்கு முன்னால் பேசி முடியுங்கள். உங்கள் மூத்தவளை வேலைக்குக் கேட்டால் விடுவதா இல்லையா என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. நல்லவர் என்றும் எழுத முடியவில்லை.

இன்னொன்று. உங்கள் பாதையில் இப்போது மண்ணும் கல்லும் ஏற்றுகிற லொறிகள் நிறைய ஓடுவதாகச் செய்னுலாப்தீன் நானா சொல்கிறார். அவற்றில் எங்காவது சாரங்கன் என்று ஒரு பெடியனைக் கண்டால், மெலிந்த உடம்பு, கொஞ்சம் சாய்ந்து நடப்பான், அவனைக் கூப்பிட்டு ஒரு பிடி சோறு கொடுங்கள். அக்கா சுகமாக இருக்கிறாள், இங்கே அவனைத் தேடி யாரும் வரவில்லை, வந்து ஒரு போன் எடுக்கட்டும் என்று சொல்லுங்கள். சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் ராத்தா.

உங்கள் வீட்டையும் கிணற்றையும் பிள்ளைகளையும் அல்லாஹ்வும் எங்கள் அன்னம்மாளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் தங்கச்சி,
மக்தலேனா